செயலரின் பேனாவுக்கு ஒரு பேச்சு: ஏற்காட்டு மலைக்கிராமத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஏற்காடு வட்டாரத்தில் ஒரு மலைக்கிராமம். அங்குள்ள மகளிர் சுயஉதவிக் குழுவின் பொறுப்பாளர், காப்பி காயவைக்க ஒரு சிமெண்ட் களம் வேண்டும் என்ற ஒரே கோரிக்கைக்காக இரண்டு கிராம சபைகளில் பேசினார். அக்டோபர் 2 அன்று பேசியது கைதட்டலோடு முடிந்துபோனது. நவம்பர் 1 அன்று பேசியது தீர்மானமாகப் பதிவானது. பேசியவர் அவரேதான், விஷயமும் அதுவேதான், கேட்டவர்களும் ஏறக்குறைய அதே முகங்கள்தாம். மாறியது பேச்சின் அடுக்கு மட்டும்.

சேலத்தில் மாணவர்களுக்கு மேடைப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் வேலை. அந்த ஒரு மாத இடைவெளியில் இந்தப் பேச்சைப் பிரித்துக் கட்டுவதற்கு நானும் கூட இருந்தேன். ஊர்ப்பெயர், ஆட்பெயர் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். அதனால் "அக்கா" என்றே எழுதுகிறேன்.

கேட்க வேண்டியிருந்தது என்ன

சேர்வராயன் மலையில் பெரிய எஸ்டேட்டுகள் ஒருபுறம் இருக்க, ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் காப்பி வைத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. மேலே சில்வர் ஓக் நிழல், அதில் ஏறிய மிளகுக்கொடி, கீழே அரபிகா செடி. நவம்பர் வாக்கில் பழம் சிவக்கத் தொடங்கும். பறித்ததை அன்றைக்கே வியாபாரியிடம் பழமாகப் போட்டுவிடலாம். இல்லையென்றால் அன்றே பல்பரில் விட்டுத் தோல் நீக்கி, ஒன்றரை நாள் வரை ஊறவைத்து, வழவழப்புப் போகக் கழுவி, வெயிலில் காயவைத்துப் பார்ச்மெண்டாக, அதாவது உள்ஓடு நீக்காத கொட்டையாக, விற்கலாம். இரண்டாவது வழியில் வேலை அதிகம், கையில் நிற்கும் காசும் அதிகம்.

ஆனால் காயவைக்க ஒரு வாரம், பத்து நாள் சுத்தமான தரை வேண்டும். வடகிழக்குப் பருவமழை இறங்குவதும் அதே நாட்களில்தான். மண்தரையில் பரப்பினால் ஈரம் ஏறிப் பூசணம் பிடிக்கும், மண்வாடை கொட்டையிலேயே தங்கிவிடும். தார்ரோட்டில் பரப்பினால் வண்டி ஏறும். குழுவிடம் பல்பர் ஏற்கெனவே இருந்தது. களம்தான் இல்லை. ஆக, ஊராட்சி நிலத்தில் ஒரு சிமெண்ட் உலர்களம் வேண்டும் என்பதுதான் மொத்தக் கோரிக்கையும். ஊராட்சி உலர்களம் கட்டுவது அதிசயமும் இல்லை. கீழே சமவெளியில் தானியம் காயவைக்கக் கட்டிய களங்கள் ஊருக்கு ஊர் கிடக்கின்றன.

முதல் பேச்சு

அக்டோபர் 2 பேச்சை அக்காவின் மகன் போனில் பதிவு செய்திருந்தான். அதை நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். குரல் நன்றாக இருந்தது, பயம் இல்லை, தடுமாற்றமும் இல்லை. மேடைப் பேச்சு என்றால் உச்சரிப்பும் கையசைவும் என்று நினைப்பவர்கள் இதற்கு நல்ல மதிப்பெண்ணே போடுவார்கள்.

முதலில் விளி. தலைவர் அவர்களே, துணைத் தலைவர் அவர்களே, பற்றாளர் (கூட்டத்தைக் கவனிக்க அரசு அனுப்பும் அலுவலர்) அவர்களே, வார்டு உறுப்பினர்களே என்று வரிசை நீண்டது. அப்புறம் ஒரு குறள். அப்புறம் ஏற்காட்டின் பெருமை: ஏழைகளின் ஊட்டி, இருபது கொண்டை ஊசி வளைவு, 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை காப்பியைக் கொண்டுவந்த கதை. (ஏற்காட்டில் யார் மைக்கைப் பிடித்தாலும் காக்பர்ன் வந்துவிடுகிறார். பள்ளி ஆண்டு விழாவில்கூட வருகிறார்.) அதன் பிறகு கோரிக்கைகள். பஸ் நேரம், தெருவிளக்கு, காட்டுமாடு தோட்டத்துக்குள் இறங்குவது, குடிநீர்க் குழாய், நடுவில் உலர்களம், கடைசியில் ரேஷன் கடை. களம் என்ற சொல் முதன்முதலாக வந்தபோது பேச்சில் பாதிக்கு மேல் தாண்டியிருந்தது. பின்னணியில் குழந்தை அழும் சத்தமும், கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள் நாற்காலி நகர்த்தும் சத்தமும் கேட்டன.

தீர்மானப் பதிவேட்டில் இதற்கு விழுந்த வரி: "உறுப்பினர்கள் பல்வேறு அடிப்படை வசதிகள் கோரினர்." ஆறு கோரிக்கைகளையும் ஒரே வரியில் சுருட்டியாயிற்று. பதிவேட்டை எழுதும் ஊராட்சிச் செயலரைக் குறை சொல்ல முடியாது. பேச்சே அப்படித்தான் அவரிடம் போய்ச் சேர்ந்தது.

எந்த மேடை, எந்தக் காது

பேச்சின் கட்டமைப்பை எழுதத் தொடங்கும்முன், அது விழப்போகும் இடத்தைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவு வாசிப்பார்கள், திட்டங்களின் பயனாளிப் பட்டியல் வரும், அரசு சொல்லியனுப்பிய விவாதப் பொருள்கள் வரும். இவையெல்லாம் முடிந்த பிறகுதான் ஊரார் பேச இடம் கிடைக்கும். கேட்பவர்கள் களைத்திருப்பார்கள். நடுவில் குறுக்கிடுவார்கள். பட்டிமன்றம்போல முடியும்வரை யாரும் காத்திருக்கமாட்டார்கள்.

இன்னொன்று. இந்த மேடையில் பேசுகிறவர் ஊரைப் பார்த்துப் பேசினாலும், வேலை நடப்பது செயலரின் பேனாவில். அவர் எழுதாதது அடுத்த வாரம் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இருக்காது. அக்காவுக்கு இது தெரியும். ஆனால் பேச்சு தயாரிக்கும்போது அந்தப் பேனாவை நினைத்ததில்லை. மேடைப் பேச்சு என்று நாம் கேட்டு வளர்ந்ததெல்லாம் கூட்டத்தின் கைதட்டலுக்காகக் கட்டப்பட்டவை. அந்த அச்சு இங்கே பொருந்தாது.

கடைசி வரியிலிருந்து தொடங்கியது

முதல் நாள் நான் கேட்டது ஒரே கேள்விதான். "அக்கா, நீங்க பேசி உட்கார்ந்த உடனே செயலர் என்ன எழுதணும்? அந்த வரியை நீங்களே எழுதிக் கொடுங்க."

அவர் எழுதியது: "காப்பி விவசாயிகளுக்கு உலர்களம் அமைத்துத் தர வேண்டும்."

"எங்கே?"

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி இருக்கற இடத்துல."

"அது ஊராட்சி இடமா? சர்வே எண் என்ன? யார் கட்டணும், யார் மதிப்பீடு போடணும்?"

அங்கேதான் நின்றது. இடம் எது என்று ஊருக்கே தெரியும், ஆனால் எண் யாருக்கும் தெரியாது. அடுத்த நாள் அக்கா கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ச் சர்வே எண்ணை வாங்கினார், அது புறம்போக்கா என்று உறுதிசெய்துகொண்டார். செயலரிடம், மதிப்பீடு தயாரிக்கிற பொறியாளர் எந்த அலுவலகத்தில் உட்காருகிறார் என்று கேட்டுக்கொண்டார். பேச்சைச் சீர்செய்ய உட்கார்ந்தோம், முதலில் கிடைத்தது பேச்சில் இல்லாத தகவல். முடிவு வரியை முதலில் எழுதுவதால் வரும் பெரிய லாபம் இதுதான் என்று நினைக்கிறேன். முன்னுரையிலிருந்து எழுதிக்கொண்டு போகிறவர் இந்த ஓட்டையைக் கடைசிவரை பார்க்கமாட்டார். சொல்நயம் அதை மூடிவிடும்.

இறுதியில் வரி இப்படி அமைந்தது: இன்ன சர்வே எண்ணில் உள்ள ஊராட்சி நிலத்தில் காப்பி உலர்களம் அமைக்க, இடத்தை அளந்து மதிப்பீடு தயாரிக்கும்படி ஒன்றிய அலுவலகத்தைக் கேட்டுக்கொள்ள இந்தச் சபை தீர்மானிக்கிறது. "கட்டித் தாருங்கள்" என்பதைவிட இது சிறிய கோரிக்கை. சிறியது என்பதாலேயே அன்றைக்கே "சரி" சொல்லக்கூடியது.

சேலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு முன்னோடி உண்டு. 1944 ஆகஸ்டில் சேலத்தில் கூடிய நீதிக்கட்சி மாநாட்டில்தான் கட்சி திராவிடர் கழகம் ஆனது. "அண்ணாதுரை தீர்மானம்" என்று பேர் பெற்ற அதில் இருந்தவை: ஆங்கில அரசு தந்த பட்டங்களைத் துறப்பது, பதவிகளை விடுவது, பெயருக்குப் பின்னால் வரும் சாதியை நீக்குவது. அந்த அரசியலை ஏற்கிறவரும் மறுக்கிறவரும் ஒன்றைக் கவனிக்கலாம். ஒவ்வொன்றும் மறுநாள் காலையில் ஓர் ஆள் செய்தாரா, செய்யவில்லையா என்று பார்த்துச் சொல்லக்கூடிய காரியம். அடுக்குமொழிக்குப் பேர்போன அண்ணாவின் பெயரில் நிற்கும் தீர்மானம் இவ்வளவு கறாராக இருக்கிறது.

துண்டுச் சீட்டுகள்

அப்புறம், சொல்ல நினைத்த ஒவ்வொன்றையும் தனித்தனிச் சீட்டில் எழுதச் சொன்னேன். ஒரு சீட்டில் ஒரு கருத்து. திண்ணை முழுக்கச் சீட்டு. ஒவ்வொன்றையும் எடுத்து, "இது அந்த வரி எழுதப்பட உதவுமா?" என்று கேட்டோம். காக்பர்ன் போனார். ஏழைகளின் ஊட்டி போனது. குறள் போவதற்கு அக்காவுக்கு மனமில்லை. பஸ், தெருவிளக்கு, காட்டுமாடு ஆகிய மூன்றையும் விடுவது இன்னும் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் அவை பொய்யான குறைகள் இல்லை. "ஊர்க்காரங்க, இவ தன் காப்பிய மட்டும் பேசறான்னு சொல்லமாட்டாங்களா சார்?" என்று கேட்டார். நியாயமான பயம். குழுவிலுள்ள இன்னொரு பெண் பஸ் நேரத்தைத் தனியாகப் பேசுவது என்று முடிவாயிற்று. காட்டுமாடு பற்றி வனத்துறைக்கு மனு. ஒரு பேச்சில் ஒரு கோரிக்கை என்ற விதி சும்மா சொல்லிவிட எளிது. மற்ற கோரிக்கைகளுக்கு வேறு வழி காட்டினால்தான் ஓர் ஊர்க்காரரால் அதைக் கடைப்பிடிக்க முடியும்.

மிஞ்சிய சீட்டுகளை எந்த வரிசையில் வைப்பது? அக்கா இயல்பாக வைத்தது வேலை நடக்கும் வரிசை: பறிப்பது, பல்பர், ஊறல், கழுவல், காயவைப்பது, மூட்டை, வியாபாரி. தெரிந்த வேலையைச் சொல்லும்போது யாருக்கும் கை இந்த வரிசைக்குத்தான் போகும். மறக்காது என்ற வசதியும் உண்டு. ஆனால் இந்த வரிசையில் களம் ஐந்தாவது இடத்தில் வருகிறது. அதற்குள் கேட்பவர் தாமாகவே ஏதோ ஒரு முடிவுக்கு வந்திருப்பார், பெரும்பாலும் "பல்பருக்கு மானியம் கேட்கிறாங்க போல" என்று. காப்பி எப்படி ஆகிறது என்பதை விளக்க வந்திருந்தால் கால வரிசை சரி. ஒன்றைக் கேட்க வந்தவருக்கு அது தாமதம்.

பேச்சுக்கு இன்றியமையாத பகுதிகள் இரண்டே, விஷயத்தைச் சொல்வது, அதை நிறுவுவது என்கிறார் அரிஸ்டாட்டில். முன்னுரை, முடிவுரை எல்லாம் சேர்த்தாலும் நான்குக்கு மேல் தேவையில்லை என்பது அவர் கணக்கு. நாங்களும் அந்த அளவில்தான் வந்து நின்றோம். முதலில் கோரிக்கை. அடுத்து, களம் இல்லாததால் ஊருக்கு என்ன போகிறது. அடுத்து, வேறு வழி ஏன் போதாது. கடைசியில் இடம், பொறுப்பு, தீர்மான வரி.

கோரிக்கையை முதலிலேயே வைப்பதற்கு வீட்டில் எதிர்ப்பு இருந்தது. "எடுத்த எடுப்புலயே கேக்கறதா? நாலு நல்ல வார்த்தை சொல்லிட்டுக் கேளு" என்றார் அக்காவின் மாமியார். அவர் சொன்னதிலும் பொருள் உண்டு. நம் ஊரில் சுற்றி வளைத்துக் கேட்பது மரியாதை. விளி இல்லாமல் தொடங்கினால் பேர் விடுபட்டவர் மனத்தில் வைத்துக்கொள்வார். அதனால் விளியை ஒரே மூச்சில் அடக்கினோம்: "தலைவர் அவர்களுக்கும், பற்றாளர் சாருக்கும், ஊர்ப் பெரியவங்களுக்கும், அக்கா தங்கச்சிகளுக்கும் வணக்கம்." பெயர்கள் இல்லை, பதவிப் பட்டியல் இல்லை, யாரும் விடுபடவும் இல்லை. நாலு நல்ல வார்த்தை பேச்சின் முடிவுக்குப் போனது, நன்றியாக.

இரண்டாவது பகுதியில் எண்கள் குவிந்திருந்தன: ஏக்கருக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு, போன வருஷ விலை, இந்த வருஷ விலை. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டோம். ஏறக்குறைய ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ சுத்தக் கொட்டை. இது விலையோடு ஏறி இறங்காத எண். மலையில் எல்லோருக்கும் தெரியும், கீழிருந்து வந்த பற்றாளருக்குப் புதிது. "ஆறு கிலோ பழத்தை மழையில காயவைக்க வழியில்லாம விட்டா, ஒரு கிலோ கொட்டை போச்சு" என்று அக்கா அதைத் தன் வாயில் வரும்படி மாற்றிக்கொண்டார்.

பகுதிக்கும் பகுதிக்கும் நடுவில் இணைப்பு தேவை. "அடுத்ததாக" என்று சொல்லித் தாண்டுவது இணைப்பு ஆகாது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும், கேட்பவர் மனத்தில் எழக்கூடிய கேள்வியை அக்காவே கேட்டுவிடுவது என்று வைத்தோம். இழப்பைச் சொல்லி முடித்ததும், "சரி, தார்ப்பாய் போட்டுக் காயவைக்கலாமேன்னு கேப்பீங்க." அதற்குப் பதில் மூன்றாவது பகுதி: தார்ப்பாய்க்கு அடியில் தரை சரிவு, மழைத்தண்ணீர் உள்ளே ஓடுகிறது, இரவில் அள்ளிக் குவித்து மூடவும் மேடான இடமில்லை. அது முடிந்ததும், "களத்துக்கு இடம் எங்கன்னு கேப்பீங்க." இப்படிக் கேள்வியால் கோத்தால் மனப்பாடம் செய்யும் பாரமும் குறைகிறது. கேள்வி ஞாபகம் வந்தால் பதில் தானாக வரும்.

குறுக்கிடப் பழகியது

முழுப் பேச்சையும் எழுதி மனப்பாடம் செய்ய வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். எழுத்தாக இருந்தவை இரண்டு வாக்கியங்கள் மட்டும்: தொடக்கத்தில் வரும் கோரிக்கை, முடிவில் வரும் தீர்மான வரி. நடுவில் உள்ளதற்கு ஒரு சிறு அட்டையில் கேள்விகள் மட்டும். தீர்மான வரியைத் தனித்தாளில் தெளிவாக எழுதிச் செயலரிடமே கொடுப்பதற்கு ஒரு பிரதி.

ஒத்திகை திண்ணையில் நடந்தது. மகன் கையில் போனை வைத்துக்கொண்டு, நினைத்த இடத்தில் "நிதி இல்லையே" என்பான். "மழைக்காலத்துல சும்மாதானே கிடக்கும்" என்பான். மாமியார் இதில் மிகுந்த உற்சாகத்தோடு கலந்துகொண்டார். குறுக்கே கேள்வி வந்ததும் பதில் சொல்லிவிட்டு விட்ட இடத்துக்குத் திரும்புவதுதான் அக்காவுக்குக் கடினமாக இருந்தது. அதற்கு ஒரு திரும்பும் வாக்கியம் வைத்தோம்: "அதனாலதான் களம் கேக்கறோம்." எங்கே அறுந்தாலும் இதைச் சொன்னால் கயிறு மறுபடி கைக்கு வந்துவிடும். மூன்று நிமிடத்தில் முடிய வேண்டும் என்று அளவு. நிமிடத்துக்கு நூறு சொல் என்பது தமிழுக்கு நான் வைத்துக்கொள்ளும் தோராயக் கணக்கு. அதன்படி முந்நூறு சொல். குறுக்கீட்டுக்கு இன்னும் இரண்டு நிமிடம்.

நவம்பர் 1

அக்கா எழுந்தார். கையில் இரண்டு சிறு பொட்டலங்கள். ஒன்றில் மண்ணில் காய்ந்த கொட்டை, இன்னொன்றில் தெரிந்தவர் வீட்டு மொட்டை மாடியில் காய்ந்தது. போன பருவத்து மிச்சம். முடிவில் கொடுப்பதாகத்தான் ஏற்பாடு. "பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி ஊராட்சி இடத்துல காப்பி காயவைக்க ஒரு களம் வேணும். அதைக் கேக்கத்தான் நிக்கிறேன்" என்று தொடங்கிய உடனே பற்றாளர் "கையில என்னம்மா?" என்றார். அதிகாரி கேட்டால் கொடுக்கத்தானே வேண்டும். அவர் இரண்டையும் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலைவரிடம் நீட்டினார், அவர் பக்கத்திலிருந்தவரிடம் நீட்டினார். பொட்டலம் சுற்றிவரும்வரை ஆறு கிலோ கணக்கையும் தார்ப்பாய் விளக்கத்தையும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. எல்லோரும் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தார்கள். பேசும்போது பொருளைக் கைமாற்றினால் காது அதன் பின்னால் போய்விடும். இந்த நிகழ்வில் முகர்ந்ததே பாதி வாதமாகிவிட்டது, அது வேறு.

குறுக்கீடு வந்தது. நாங்கள் எதிர்பார்த்த நிதியைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. முன்வரிசையிலிருந்த ஒரு பெரியவர், "ஏம்மா, அங்க களம் போட்டா மாரியம்மன் பண்டிகைக்குப் பந்தல் எங்க போடறது?" என்றார். கூட்டத்தில் சலசலப்பு. எங்கள் அட்டையில் இதற்கு இடமே இல்லை.

அக்கா கொஞ்சம் நிறுத்தினார். "பண்டிகை ஆடியில வருது மாமா. காப்பி காயறது கார்த்திகை, மார்கழியில. சிமெண்டுத் தரை ஆயிட்டா பந்தலுக்கும் சேறு இருக்காது. அதனாலதான் களம் கேக்கறோம்." பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். அக்கா அப்படியே நான்காவது பகுதிக்குப் போய்விட்டார். யாரும் கேட்காமல் போன மூன்றாவது பகுதியிலிருந்து, சரிவில் தண்ணீர் ஓடுவதை மட்டும் ஒரு வாக்கியமாகத் திரும்பச் சொன்னார். அது ஒத்திகையில் இல்லை, அவரே செய்தது. சர்வே எண் சொன்னார். களத்தைக் கூட்டிப் பெருக்கிப் பார்த்துக்கொள்வது குழுவின் பொறுப்பு என்றார். தீர்மான வரியை வாசித்துவிட்டு, தாளைச் செயலரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். நன்றி சொல்ல மறந்துவிட்டார்.

கைதட்டல் அக்டோபர் அளவுக்கு இல்லை. தலைவர் "ஆட்சேபம் யாருக்காவது உண்டா?" என்று கேட்டார். பெரியவர்தான் முதலில், "போடட்டும், போடட்டும்" என்றார். பதிவேட்டில் விழுந்தது தாளில் இருந்த வரி. ஒரு மாற்றம் மட்டும். "திருவிழாக் காலங்களில் ஊர்ப் பொது உபயோகத்துக்கும்" என்ற சொற்கள் நடுவில் சேர்ந்திருந்தன.

ஜனவரி 26

தீர்மானம் போனதோடு களம் வந்துவிடாது. அடுத்த சபையில் அக்கா மறுபடி எழுந்தார். இந்த முறை கட்டமைப்பு வேறு, ஏனென்றால் தேவை வேறு. யாரையும் இணங்கவைக்க வேண்டியதில்லை, பதில் வாங்க வேண்டும். ஆகவே காரணமும் விளக்கமும் முழுக்க நீக்கி மூன்று வாக்கியம் மட்டும்: நவம்பர் 1 சபையில் இன்ன எண்ணுள்ள தீர்மானம் நிறைவேறியது, அதன்மேல் ஒன்றிய அலுவலகத்துக்குக் கடிதம் போனதா, போனால் எந்தத் தேதி, இடத்தை அளக்க எப்போது வருவார்கள். "நம்ம காப்பி எப்படி இருக்குன்னு கொஞ்சம் சொல்லட்டுமா?" என்று முந்தின நாள் போனில் கேட்டார். வேண்டாம் என்றேன். காரணத்தை மறுபடி விரித்தால் விவாதத்தை மறுபடி திறந்ததாகிவிடும். யாராவது ஒருவர் பந்தலைத் திரும்பக் கொண்டுவருவார்.

கடிதம் போன தேதியைச் செயலர் பதிவேட்டைப் பார்த்துச் சொன்னார். அளக்கும் தேதி தெரியாது என்றார். "தெரியலன்னே எழுதிக்கோங்க சார்" என்றார் அக்கா. எழுதினார்கள். பிப்ரவரியில் பொறியாளர் டேப்போடு வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார். மதிப்பீடு இன்னும் வரவில்லை. அந்தப் பருவத்துக் கொட்டை மொட்டை மாடியில்தான் காய்ந்தது. மார்ச் 22 சபைக்கு அட்டையில் ஒரே கேள்வி எழுதி வைத்திருக்கிறார்: மதிப்பீட்டுத் தொகை எவ்வளவு, எந்தத் திட்டத்தில்?